பார உலோகங்களும் வளி மாசடைதலும்



வளி மாசடைதல் என்றதும் உங்களில் பலர் காபனீரொட்சைட்டு, பச்சைவீட்டு விளைவு என எழுதி விடையை முடித்துவிடுகிறீர்கள். தொழிற்சாலைப் புகையில் பார உலோகங்களும் கலந்துள்ளன என்பதை மறந்துவிடாதீர்கள். ஈயம், கட்மியம், இரசம், குரோமியம் என்பன இவற்றுள் முக்கியமானவை. ஆசனிக்கு ஓர் உலோகப்போலி. எனினும் நச்சுத்தன்மை காரணமாக இவற்றோடு சேர்த்தே கூறப்படும்.

1. வளியை அடையும் விதம்

தாது உருக்கும் உலைகள், பழைய பற்றரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் இடங்கள், நிலக்கரி மின் நிலையங்கள் என்பன பிரதான மூலங்கள். ஈயம் ஏறத்தாழ 327 பாகை செல்சியசில் உருகும். உலையின் கடும் வெப்பத்தில் எழும் ஆவி வெளியே குளிர்ந்து நுண்ணிய துணிக்கைகளாகிறது.

2. உடலை அடையும் விதம்

• 2.5 மைக்குரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகள் சுவாசப்பையின் சிற்றறை வரை சென்று குருதியில் கலக்கலாம்.
• பெரிய துணிக்கைகள் நிலத்திலும் வீட்டுத் தரையிலும் படிந்து, கை வழியாகவும் உணவு வழியாகவும் வாயை அடையும்.

உலோகங்கள் உக்குவதில்லை. ஆகவே தொழிற்சாலையை மூடிய பின்னரும் மண்ணில் படிந்தது அங்கேயே இருக்கும்.

3. விளைவுகள்

ஈயம்: ஈமோகுளோபின் உருவாவதைத் தடுத்துக் குருதிச்சோகையை ஏற்படுத்தும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். என்பிலும் பல்லிலும் சேமிக்கப்படும். கர்ப்ப காலத்தில் தாயின் என்பிலிருந்து வெளியேறிச் சிசுவை அடையும்.
கட்மியம்: சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கி அதனைப் பழுதாக்கும், என்பை நலிவடையச் செய்யும்.
ஆசனிக்கு, கட்மியம், ஆறு வலுவளவுள்ள குரோமியம்: புற்றுநோயை உண்டாக்குபவை.

4. சிறுவருக்கு ஆபத்து ஏன் அதிகம்?

உடல் நிறையுடன் ஒப்பிடுகையில் சிறுவர் வளர்ந்தோரை விட அதிக வளியைச் சுவாசிக்கின்றனர். விழுங்கும் ஈயத்தை 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக அகத்துறிஞ்சுகின்றனர். பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. "படிப்பில் கவனமில்லை" என்று ஏச்சு வாங்கும் பிள்ளையின் குருதியில் ஈயம் இருக்கலாம்; குருதிப் பரிசோதனையில்தான் அது தெரியவரும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

5. உதாரணம்: லா ஒரோயா, பெரு

அந்தீஸ் மலையில் 3,700 மீற்றருக்கு மேல் அமைந்த இந்நகரில் 1922 இல் உருக்காலை தொடங்கியது. சூழ மலைகள் இருப்பதால் புகை இலகுவில் கலைந்து செல்லவில்லை. பிள்ளைகளின் குருதியில் ஈயம் மிகுந்திருப்பதைப் பரிசோதனைகள் காட்டின. 2006 இல் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் மக்களின் சுகாதாரத்தைப் பாதுகாக்குமாறு உத்தரவிட்டும் அரசு அதனை முழுமையாக நிறைவேற்றவில்லை. ஊர் மக்கள் விடவில்லை. 2024 இல் வெளியான தீர்ப்பில், அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமைகள் நீதிமன்றம் பெரு அரசே பொறுப்பு எனக் கூறியது. தொழில் தந்த ஆலைதான் நோயையும் தந்தது என்பதே இங்குள்ள சிக்கல்.

6. தடுக்கும் வழிகள்

• புகைபோக்கியில் வடிகட்டிகள் பொருத்துதல்.
• குடியிருப்புக்கும் பாடசாலைக்கும் அப்பால் ஆலையை அமைத்தல்.
• சட்டத்தைச் செயற்படுத்தல். இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் உண்டு.
• கை கழுவுதல், தரையை ஈரத்துணியால் துடைத்தல், இரும்பும் கல்சியமும் உள்ள உணவை உண்ணுதல்.

இது முடியுமா என்று கேட்காதீர்கள். இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2021 இல் உலகெங்கும் வாகனங்களுக்கு அதன் விற்பனை முடிவுக்கு வந்தது.

கவனிக்க: "முகக்கவசம் அணிதல்" என்று மட்டும் எழுதினால் விடை நிறைவுபெறாது. தரையில் படிந்த தூசியை முகக்கவசம் தடுக்காது. முதலில் மூலத்தைக் கட்டுப்படுத்தலையும் பின்னர் தனிநபர் பாதுகாப்பையும் எழுதுங்கள்.

மாதிரி வினா: பற்றரி உருக்கும் இடத்துக்கு அருகே ஒரு பாடசாலை உள்ளது. மாணவருக்கு ஏற்படக்கூடிய இரு பாதிப்புகளையும், அதிபர் எடுக்கக்கூடிய இரு நடவடிக்கைகளையும் காரணத்துடன் எழுதுக.