தீயின்றி மாறும் நிலக்கரி

ஒடிசா மாநிலத்துச் சுரங்கங்களில் தோண்டப்பெறும் நிலக்கரி, கப்பலேறி வங்கக் கடல் வழியாக எண்ணூர்க்கு வந்து சேர்கின்றது. 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அவ்வூர்த் துறைமுகம் இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அருகே, திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டில் அமைந்த வடசென்னை அனல்மின் நிலையம் அக்கரியை எரித்து மின்சாரம் ஆக்குகின்றது. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கும் உலைகளுக்கு மின்சாரமே உயிர்நாடி.

கரி எரிதல் என்பது யாது? அதிலுள்ள கார்பன் பிராணவாயுவோடு விரைந்து கூடுதலேயாம். 12 கிலோ கார்பன் 32 கிலோ பிராணவாயுவை ஏற்று 44 கிலோ கரியமில வாயுவாகின்றது. வெப்பம் கிடைத்தபின் எஞ்சுவது சாம்பலே. நம் நாட்டு அனல்மின் நிலையங்கள் எரிக்கும் கரியிலோ, நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேலும் சாம்பல் இருத்தல் உண்டு. நீரிற் கலந்து குழாய்வழிச் செல்லும் அச்சாம்பல் கசிந்து, எண்ணூர்க் கழிமுகத்திற் படிந்தது. மீனும் இறாலும் அருகிப்போயின என்று அங்குள்ள மீனவர் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர்.

எரித்தல் ஒன்றுதானா கரியின் பயன்? குவித்துவைத்த கரி, தீயிடுவார் எவருமின்றியே உள்ளே சூடேறுவதுண்டு. காற்றிலுள்ள பிராணவாயு அதனை மெல்லத் தீண்டுவதே காரணம். தீப்பற்றாதிருத்தற்பொருட்டுக் குவியலின்மீது நீர் தெளிப்பர். இம்மெல்லிய செயலையே வேதியியலார் கலத்துள் அடக்கி ஆள்கின்றனர்.

கரி வெறும் கார்பன் அன்று. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த வளையங்கள் கொத்துக்கொத்தாய் நிற்க, அவற்றைச் சிறு பாலங்கள் பிணைக்கின்றன. நைட்ரிக் அமிலமோ, ஹைட்ரஜன் பெராக்சைடோ, காரநீரில் அழுத்தத்துடன் செலுத்திய பிராணவாயுவோ முதற்கண் அப்பாலங்களை அறுக்கும். அறுந்த முனைகளில் அமிலத் தொகுதிகள் தோன்றும். நீரிற் கரையாத கரி, காரநீரிற் கரையும் ஹியூமிக் அமிலமாய் மாறும். மேலும் செலுத்தினால் பென்சீன் கார்பாக்சிலிக் அமிலங்கள் பிறக்கும். அவற்றுள் வளையத்தின் ஆறு மூலையிலும் அமிலத் தொகுதி அமைந்தது மெல்லிட்டிக் அமிலம். செயற்கைப் பிசின்கள் செய்தற்கு இவ்வமிலங்கள் உதவும். இன்னும் ஒரு படி சென்றாலோ, வளையமே உடைந்து அனைத்தும் கரியமில வாயுவாகிவிடும். எவ்விடத்தே நிறுத்துவது என்பதே இத்தொழிலின் அருமை. விளையும் அமிலங்கள் பலவும் கலந்தே கிடைப்பதாற் பிரித்தெடுத்தலும் எளிதன்று; பெட்ரோலியத்தினின்று பெறும் பொருள்களின் விலையோடு போட்டியிடவும் இயலவில்லை.

ஆயினும் தமிழகத்திலேயே இதற்கொரு வழி உண்டு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி வயதில் இளையது. ஹியூமிக் அமிலம் அதில் இயல்பாகவே உள்ளது. ஹியூமஸ் என்பது இலத்தீனில் மண்ணைக் குறிக்கும் சொல்; பெயர் பொருத்தமானதே. அதனைப் பொட்டாஷ் காரத்திற் கரைத்து வடித்தெடுத்த கருநிறக் கரைசலை, வேர் செழிக்கும் பொருட்டு உழவர் வயலில் இடுகின்றனர்.