சாம்பிள் பாட்டிலில் தொடங்கும் பாடம்

யூரின் பேக்கின் அடிக்குழாயைத் திறந்து, கல்ச்சர் பாட்டிலில் பிடித்து, லேபிள் ஒட்டி நர்ஸ் மேசையில் வைத்தேன். லேபுக்கு அது போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. மூன்றாம் நாள் வந்த ரிப்போர்ட்டில் மூன்று வகைக் கிருமிகள். "எங்கேருந்தும்மா எடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். பேக்கிலிருந்து என்றேன். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னார். அதற்குள் அந்தப் பெரியவருக்கு இரண்டு நாள் ஆன்டிபயாடிக் போயிருந்தது. இரண்டாவது சாம்பிளில் எதுவும் வளரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு வந்த காய்ச்சலுக்குக் காரணம் எது என்று கடைசிவரை தெரியாமலே போயிற்று.

நான் அப்போது நர்சிங் மாணவி. பாக்டீரியாவின் வளர்ச்சி வளைகோட்டைத் தேர்வில் பிழையில்லாமல் வரைந்தவள். ஆனால் அந்தக் கோடும் என் கையிலிருந்த பாட்டிலும் ஒரே விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈ.கோலை கிருமிக்கு நல்ல சூடும் உணவும் கிடைத்தால் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று, ஒரு மணி நேரத்தில் 8. இரண்டு மணி நேரத்தில் 64. ஆறு மணி நேரத்தில் 2,62,144. மேசைமேல் இருக்கும் பாட்டிலில் வேகம் சற்றுக் குறையும், நிற்காது. சாதாரணமாகப் பிடித்த யூரினில் மில்லிலிட்டருக்கு 1 லட்சம் கிருமி இருந்தால் அதைத் தொற்றாக எடுத்துக்கொள்வார்கள். லேப் எண்ணுவது நோயாளியின் உடம்பில் இருந்ததையா, உங்கள் மேசையில் பெருகியதையா? இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு அனுப்பு, முடியாவிட்டால் 4 டிகிரியில் வை என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது. கத்தீட்டர் போட்டவருக்கு பேக்கைத் தொடவே கூடாது. குழாயைக் கொஞ்ச நேரம் கிளாம்ப் செய்து, சாம்பிள் போர்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, சிரிஞ்சில் எடுக்க வேண்டும்.

பி.எஸ்சி. நர்சிங்கில் மைக்ரோபயாலஜி பாடம் மூன்றாம் செமஸ்டரில் வருகிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டம், நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பையும் மைக்ரோபயாலஜியின் பெயரோடேயே சேர்த்துவிட்டது. நல்ல மாற்றம். ஆனாலும் பெரும்பாலான மாணவிகளின் நோட்டு இன்னும் கிருமி வரிசையில்தான் ஓடுகிறது: வடிவம், சாயம், நோய், மருந்து. நான் சொல்வது வேறு ஒரு நோட்டு. யூரினுக்கு ஒரு பக்கம், ரத்தத்துக்கு ஒன்று, சளி, சீழ், மலம், தண்டுவட நீர் என்று பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றையும் எங்கிருந்து, எப்போது, எந்தப் பாட்டிலில், எவ்வளவு எடுப்பது, ஃபிரிட்ஜில் வைக்கலாமா, அதில் வழக்கமாக எந்தக் கிருமி வளரும் என்று எழுதுங்கள். வார்டில் கைக்கு வருவது இந்த வரிசைதான். கிருமியின் பெயர் கடைசியில் வந்து உட்காரும்போது மறக்காது.

ரத்தப் பக்கத்தை மட்டும் திறந்து காட்டுகிறேன். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர். ஏன் இவ்வளவு? செப்சிஸ் வந்தவரின் ரத்தத்தில்கூட ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு கிருமிதான் இருக்கலாம். 3 மில்லி எடுத்தால் அது தப்பிவிடும். முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே எடுக்க வேண்டும். தோலைத் துடைத்தபின் கிருமிநாசினி காயும்வரை பொறுங்கள். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடையுங்கள். இரண்டு இடத்தில் குத்துவது நோயாளியை வதைக்க அல்ல. ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் எல்லோர் தோலிலும் குடியிருக்கும் கிருமி. ஒரு பாட்டிலில் மட்டும் அது வளர்ந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு இடத்து ரத்தத்திலும் வளர்ந்தால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். யூரினை வைக்கலாம். தண்டுவட நீரைக் கல்ச்சருக்கு எடுத்தால் வைக்கவே கூடாது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் குளிரில் செத்துவிடும். தேடுவது உயிருள்ள கிருமியையா, அதற்கு உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளையா என்று முதலில் கேளுங்கள். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், எச்.ஐ.வி. சோதனைக்காக ரத்தம் சேகரித்தார். சீரத்தைப் பிரித்துத் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதன்முதலில் தெரியவந்தது. அவர் தேடியது எதிர்ப்பொருள். அதனால் ஃபிரிட்ஜ் போதுமானதாக இருந்தது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். பல பெயர்கள் படங்கள்தான். ஸ்டாஃபைலோகாக்கஸ் அவ்ரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் ஸ்டாஃபைலே என்றால் திராட்சைக் குலை. காக்கஸ் என்றால் மணி. அவ்ரியஸ், லத்தீனில் பொன்னிறம். தட்டில் பொன்மஞ்சளாக வளரும், மைக்ராஸ்கோப்பில் குலை குலையாகத் தெரியும். பேசில்லஸ் என்பது சின்னக் கோல். பெயரைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் வைவாவில் பாதிக் கேள்விக்குப் பதில் கையில் இருக்கிறது.

கிராம் சாயமும் அப்படித்தான். கிராம் பாசிட்டிவ் கிருமியின் சுவர் ஜமுக்காளம் மாதிரித் தடிப்பு. ஊதாச் சாயமும் அயோடினும் உள்ளே பிடித்துக்கொண்டால் ஆல்கஹாலில் அலசினாலும் போகாது. நெகட்டிவின் சுவர் மல் துணி. மேலே ஒரு கொழுப்புப் படலம். ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும், ஊதா போய்விடும், பிறகு ஊற்றும் சாஃப்ரனினில் இளஞ்சிவப்பாகும். ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி முதல் நாளே வந்துவிடும். எந்த மருந்தில் தொடங்குவது என்று டாக்டர் யோசிப்பது அதை வைத்துத்தான்.

ஸ்டெரிலைசேஷன் செய்யும் ஆட்டோகிளேவுக்கு வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி, 15 நிமிடம். டிரம்மை நெருக்கி அடைத்தால் நீராவி நடுவே போகாது. ஆட்டோகிளேவ் டேப் கறுத்தால் சூடு பட்டது என்று மட்டும் அர்த்தம்; கிருமியின் உறங்கும் விதையான ஸ்போர் செத்ததா என்பதை ஸ்போர் டெஸ்ட்தான் சொல்லும். கைக்கு ஹேண்ட் ரப் போதும் என்று பழகியவர்கள், குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் வயிற்றுப்போக்கு நோயாளியிடம் போய்வந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுத்தான் கழுவ வேண்டும். ஆல்கஹாலுக்கு ஸ்போர் அசையாது.

வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன் உங்களுக்காக ஒன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்றா? கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவை (டைட்டர்) பாருங்கள்; லிட்டருக்கு 10 யூனிட்டாவது இருக்க வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாக உங்களைக் குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்கும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

கடைசியாக, இன்சார்ஜிடம் அனுமதி கேட்டு, நீங்கள் எடுத்த ஒரு சாம்பிளோடு லேபுக்குப் போங்கள். முதல் நாள், கம்பி வளையத்தால் மெக்கான்கி தட்டில் இழுப்பதைப் பாருங்கள். மறுநாள் காலை ஈ.கோலை இருந்தால் தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். மூன்றாம் நாள், ஆன்டிபயாடிக் வட்டுகளைச் சுற்றி வெறுமையான வளையங்கள். டெக்னீஷியன் அவற்றை மில்லிமீட்டரில் அளப்பார். ஸ்கேலை வாங்கி நீங்களும் ஒன்றை அளந்து, ரிஜிஸ்டரில் உங்கள் நோயாளியின் படுக்கை எண்ணுக்கு நேரே அந்த மருந்தின் பெயர் எழுதப்படும்வரை அங்கேயே நில்லுங்கள்.