மார்கழிக் குளிருக்கு ஜாக்கெட் வேணுமா? ஒரு ஹீட் டிரான்ஸ்ஃபர் கணக்கு

டிசம்பர் பொறந்தா போதும், சைக்கிள் ஓட்டுற ஜூனியர்ஸ் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "நல்லா காத்துப் போற விண்டர் ஜாக்கெட் எது வாங்கலாம்?" காலைல அஞ்சரைக்குத் தாம்பரத்துல கிளம்பி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியா கோவளம் போயிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள திரும்புற ரைடுக்குத்தான் இந்தக் கேள்வி. மெஸ் பில், செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் போக மிச்சம் பிடிச்ச சில ஆயிரம் ரூபாயை இதுல போடுறதுக்கு முன்னாடி, அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இந்தக் கணக்கைப் பார்த்துடுங்க. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ரிவிஷன். மத்தவங்களுக்கும் புரியும், பயப்பட வேண்டாம்.

நம்ம குளிர் எவ்வளவு குளிர்?

மார்கழி, தை மாசக் காலைகள்ல மீனம்பாக்கத்தில் வெப்பநிலை சாதாரணமா 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரைதான் இறங்கும். இதுக்கே வாக்கிங் போற மாமாக்கள் மங்கி கேப் போட்டுடுவாங்க, அது வேற விஷயம். முக்கியமா கவனிக்க வேண்டியது ஈரப்பதம். அதே நேரத்துல அது 85, 90 சதவீதம் கூட இருக்கும். அதாவது, நம்மகிட்ட இருக்கிறது "குளிர்ச்சியான காத்து" இல்ல, "ஈரமான காத்து". ஜாக்கெட் கம்பெனிகளும் அவங்க கைடுகளும் மனசுல வச்சிருக்கிறது பெரும்பாலும் 5 டிகிரியில ஓட்டுற ஐரோப்பியரை. வித்தியாசம் அங்கதான் ஆரம்பிக்குது.

உடம்பு ஒரு ஹீட்டர்

ஓரளவு பழகின ஆள் சமதரையில ஓட்டும்போது பெடலுக்குக் கொடுக்கிற பவர் 150 வாட்ஸ்னு வச்சுக்குவோம். மனுஷ உடம்போட எஃபிஷியன்சி சுமார் 25 சதவீதம்தான். அப்போ உடம்பு மொத்தமா எரிக்கிறது 600 வாட்ஸ். மிச்சம் 450 வாட்ஸ் வெறும் சூடு. அந்தச் சூடு முழுக்க வேர்வை ஆவியாகித்தான் வெளியே போகணும்னா, ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 650 கிராம் வேர்வை ஆவியாகணும்.

நல்ல வேளை, எல்லாத்தையும் வேர்வையே செய்ய வேண்டியதில்ல. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது மேல அடிக்கிற காத்து, தோல்ல இருந்து நேரடியா நிறைய சூட்டை எடுத்துட்டுப் போயிடும். மெல்லிசான ஜெர்சி அதைப் பெருசா தடுக்காது. காத்துப் புகாத ஜாக்கெட்டை மாட்டின உடனே அந்த வழி அடைபடுது. மொத்த வேலையும் வேர்வை தலையில விழுது. அந்த வேர்வை ஆவியாகி ஜாக்கெட்டைத் தாண்டி வெளியே போக முடியுமா? இதுதான் உண்மையான கேள்வி.

"பிரீத்தபிள்"னா என்ன?

1969ல பாப் கோர் டெஃப்லானை வேகமா இழுத்து, நுண்துளைகள் நிறைஞ்ச ஒரு படலத்தை உண்டாக்கினார். அதுதான் பிறகு கோர்டெக்ஸ் ஆச்சு. மழைத்துளி உள்ளே நுழைய முடியாது, நீராவி மட்டும் வெளியே போகும். ஆனா ஒரு விஷயத்தை மறந்துடுவோம்: அந்தத் துணிக்குள்ள ஃபேன் எதுவும் இல்ல. ஆவியைத் தள்ளுறது ஆவி அழுத்த வித்தியாசம் மட்டும்தான். உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே கம்மி, அதனால ஆவி நகருது. ரெண்டு பக்கமும் சமமாயிட்டா எவ்வளவு விலை கொடுத்து வாங்கின துணியா இருந்தாலும் சும்மாதான் இருக்கும்.

இப்போ நம்பர் போட்டுப் பார்ப்போம். வேர்வையில நனைஞ்ச தோல் 34 டிகிரியில இருந்தா அங்க ஆவி அழுத்தம் சுமார் 5.3 கிலோபாஸ்கல். வெளியே:

5 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் உள்ள ஐரோப்பியக் காலை: 0.8. வித்தியாசம் 4.5.
22 டிகிரி, 90 சதவீதம் உள்ள மார்கழிக் காலை: 2.4. வித்தியாசம் 2.9.
24 டிகிரி, வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம்: 3.0. வித்தியாசம் 2.3.

துணி ஆவியை எவ்வளவு தடுக்குதுன்னு அளக்க ஐஎஸ்ஓ 11092ன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு. அதுல வர்ற அளவுக்குப் பேர் ரெட். நம்பர் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. 6க்குக் கீழ இருந்தா பிரமாதம், 6 முதல் 13 வரை மிக நல்லது, 20க்கு மேல போனா பிளாஸ்டிக் கவர் கதைதான். ரெட் 10 உள்ள ஒரு நல்ல ஜாக்கெட், உடம்புல முக்கால் சதுர மீட்டரை மூடுதுன்னு வச்சுக்கிட்டா, வேர்வை மூலமா அது வெளியே விடக்கூடிய சூடு: ஐரோப்பாவுல சுமார் 340 வாட்ஸ், மார்கழித் தாம்பரத்துல 220, மழையில 170. அதே ஜாக்கெட், அதே ஆள், அதே பில். இங்கே வந்ததும் வேலை பாதியாகுது. மழையில மேல்துணி ஊறிப்போச்சுன்னா இன்னும் குறையும்.

இது எளிமைப்படுத்தின கணக்குதான். கால், முகம் வழியாவும் சூடு போகும். ஆனா திசை மாறாது. 5 டிகிரியில துணி வழியா நேரடியாவே நிறைய சூடு வெளியேறிடும், நமக்கு அந்தச் சலுகையும் இல்ல.

லேபிளை எப்படிப் படிக்கிறது?

கடையில "10கே/10கே"ன்னு எழுதியிருக்கும். முதல் நம்பர் எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரோட அழுத்தத்தைத் துணி தாங்கும்ங்கிறது. ரெண்டாவது, ஒரு சதுர மீட்டர் வழியா 24 மணி நேரத்துல எத்தனை கிராம் ஆவி போகும்ங்கிறது. 10,000 பெருசா தெரியும். 24ஆல வகுத்தா மணிக்கு 417 கிராம், நம்ம முக்கால் சதுர மீட்டருக்கு சுமார் 310 கிராம். அதுவும் ஆய்வகத்துல. பரவலா பயன்படுற ஜப்பானிய டெஸ்ட் முறைகள்ல துணியோட ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சும் உப்பும் இருக்கும். நம்ம டிசம்பர் காத்து அந்த உப்பு மாதிரி உறிஞ்சாது, அது ஏற்கெனவே வயிறு நிறையக் குடிச்சிட்டு நிக்குது. இன்னொண்ணு, டெஸ்ட் முறை மாறினா நம்பரும் மாறும். அதனால ரெண்டு கம்பெனி நம்பரை அப்படியே ஒப்பிடக் கூடாது.

புரோ ரைடர்ஸ் என்ன செஞ்சாங்க?

2013 மார்ச்ல நடந்த மிலான் - சான்ரெமோ ரேஸ்ல பனி கொட்டினதால நடுவுல ரேஸை நிறுத்தி, வீரர்களைப் பஸ்ல ஏத்தி முன்னாடி கொண்டுபோய் விட்டாங்க. அந்த மோசமான நாள்ல பல டீம் வீரர்கள் தங்களுக்கு ஸ்பான்சர் செய்யாத காஸ்டெல்லி கம்பெனியோட காபா ஜெர்சியை, லோகோவை மார்க்கரால மறைச்சுட்டுப் போட்டுக்கிட்டாங்க. அது முழு ரெயின் ஜாக்கெட் இல்ல. அரைக்கை வச்சது, காத்தைத் தடுக்கும், தண்ணியை ஓரளவுதான் தடுக்கும். பனி கொட்டுற இத்தாலியிலயே உள்ளே புழுங்காம இருக்கிறதுக்காகக் கொஞ்சம் நனையுறதுக்கு ஒத்துக்கிட்டாங்க. ஜிஎஸ்டி ரோட்டுல நமக்கு என்ன வந்தது?

அப்போ எதை வாங்குறது?

தாம்பரம் பக்கத்து ரைடுக்கு வேண்டியது கையில்லாத விண்ட் வெஸ்ட், அவ்ளோதான். முன்பக்கம் காத்தைத் தடுக்கும் மெல்லிசு துணி, முதுகுல முழுக்க மெஷ். கழட்டி மடிச்சா ஜெர்சியோட பின் பாக்கெட்ல அடங்கணும். முன்பக்கத் துணியை வாய்ல வச்சு ஊதிப் பாருங்க, காத்துப் போகலைன்னா சரி. ஓட்டிக்கிட்டே ஒரு கையால ஜிப்பைத் திறக்க வரணும். ரிஃப்ளெக்டிவ் பட்டை கட்டாயம் இருக்கணும். மார்கழி மூடுபனியிலயும் போகிப் புகையிலயும் பின்னாடி வர்ற லாரிக்காரர் கண்ணுக்கு நீங்க தெரியணும், அது குளிரை விடப் பெரிய விஷயம். உள்ளே காட்டன் பனியன் வேண்டாம், அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். பாலியஸ்டர் ஜெர்சி போதும்.

மழையில? 24 டிகிரி மழையில நனைஞ்சுக்கிட்டே ஓட்டுறது, மூடின ஜாக்கெட்டுக்குள்ள வேகுறதை விடப் பரவாயில்ல. ஃபோனை ஜிப் கவர்ல போடுங்க, லைட்டை எரிய விடுங்க, தண்ணி தேங்கின இடத்துல பள்ளம் இருக்கும்னு நினைச்சே ஓட்டுங்க. ஜாக்கெட் போட்டு ஓட்டும்போது தலை சுத்துறது, வாந்தி வர்ற மாதிரி இருக்கிறது எல்லாம் சூடு வெளியேறலைங்கிறதுக்கு அறிகுறி. உடனே நிறுத்தி, கழட்டி, நிழல்ல உட்கார்ந்து தண்ணி குடிங்க. "டிசம்பர்தானே"ன்னு விடாதீங்க.

மலைக்குப் போனா கதை வேற

சேலத்துல இருந்து ஏற்காடு கிட்டத்தட்ட 1,200 மீட்டர் ஏத்தம். ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரின்னு போட்டா, மேல சுமார் 8 டிகிரி குறையும். 2,240 மீட்டர்ல இருக்கிற ஊட்டியில ஜனவரிக் காலைல உறைபனியே விழும். ஏறும்போது பிரச்சினை இல்ல, உங்க ஹீட்டர் ஃபுல்லா ஓடும். இறங்கும்போது பெடல் மிதிக்க மாட்டீங்க, ஹீட்டர் ஆஃப். ஜெர்சி வேர்வையில நனைஞ்சிருக்கும், எதிர்க்காத்து மணிக்கு 40 கிலோமீட்டர். கை விறைச்சுப்போனா பிரேக் பிடிக்க வராது, கொண்டை ஊசி வளைவுல அது விளையாட்டில்ல. முழுக்கை ஜாக்கெட்டுக்கு உண்மையான வேலை இங்கதான். ஏறும்போது பையில வச்சிருந்து, உச்சியில நின்னு மாட்டிக்கிட்டு இறங்கணும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் போவீங்கன்னா யார்கிட்டயாவது கடன் வாங்குங்க. இல்லைன்னா பழைய ஐரோப்பிய ரேஸர்கள் செஞ்ச மாதிரி, டீக்கடையில தினத்தந்தியை வாங்கி ஜெர்சிக்குள்ள நெஞ்சுப் பக்கம் சொருகிக்கோங்க. காத்தை நல்லாவே தடுக்கும்.

கடைசியா ஒரு தம்ப் ரூல்: கிளம்பும்போது லேசா குளிரினா நீங்க சரியா டிரஸ் பண்ணியிருக்கீங்க. பெருங்களத்தூர் தாண்டுறதுக்குள்ள சரியாயிடும். கிளம்பும்போதே கதகதப்பா இருந்தா, வண்டலூர்ல நிறுத்திக் கழட்ட வேண்டி வரும். மிச்சமாகுற பணத்துல ஒரு நல்ல பின் லைட் வாங்குங்க.