அனுப்பினால் போதுமா?
தொலைவிலிருந்து கற்பித்த காலம் தந்த பாடங்கள்

2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது, சில வாரங்களில் திறந்துவிடும் என்றுதான் நாம் அனைவரும் நினைத்தோம். நான் கற்பித்த ஒன்பதாம் வகுப்பு மீண்டும் பள்ளிக்கு வந்தது 2021 பிப்ரவரி 8ஆம் நாள்தான். இடைப்பட்ட மாதங்களில் வீட்டிலிருந்தே கற்பிக்க வேண்டியிருந்தது. அப்போது நான் செய்த தவறுகளும் திருத்திக்கொண்டவையும் இன்றும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. மாணவர்களின் பெற்றோரில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் டெய்லர், செக்கிங், கைமடி வேலை செய்பவர்கள். வாரக்கூலி, பலருக்குப் பீஸ் ரேட்.

காலை பத்து மணிப் பாடம்

வகுப்புக்கென ஒரு புலனக் குழு தொடங்கினேன். தினமும் காலை பத்து மணிக்குக் கணிதக் காணொலி ஒன்றும் பத்துக் கணக்குகளும் அனுப்பினேன். கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பு அட்டவணையையும் பகிர்ந்தேன். ஒரு குறிப்பேட்டில் தேதி, பாடம், 'அனுப்பியாயிற்று' என்று எழுதி வந்தேன். ஒரு மாதத்தில் குறிப்பேடு நிறைவாக இருந்தது. விடை அனுப்பியவர்களோ நாள்தோறும் அதே ஏழெட்டுப் பேர்.

நன்றாகப் படிக்கும் மாணவன் ஒருவன் பதிலே அனுப்பவில்லை. ஒருநாள் இரவு அவன் வீட்டுக்கு அழைத்தேன். அவன் அம்மா எடுத்தார்.

"போனை அவிங்க அப்பா கொண்டு போயிடுவாருங்க சார். ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வருமுங்க. கம்பெனியில எப்ப வேலைக்குக் கூப்பிடுவாங்கன்னு தெரியாதுங்க, அதனால போனு அவரு கையிலயே இருக்கோணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏற்றுமதி ஆர்டர்கள் ரத்தாகியும் தள்ளிப்போயும் இருந்த நேரம். ஆலைகள் படிப்படியாகத் திறந்தாலும் வாரம் மூன்று நாள் வேலை கிடைப்பதே பல வீடுகளில் அரிது. அந்த ஒற்றைக் கைப்பேசிதான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. அதே கைப்பேசியைத்தான் நான் வகுப்பறை என்று கருதிக் காலை பத்து மணிக்குப் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் அந்த ஆண்டு ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது மடிக்கணினி கொடுத்தன. சில நிறுவனங்கள் இணையச் செலவையும் ஏற்றன. நம் மாணவர்களுக்குக் கருவியும் இல்லை, தனி இடமும் இல்லை. எனவே அவர்களின் சூழலுக்கு நம் வேலையைத்தான் மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

மாற்றிக்கொண்டவை

முதலில் நேரத்தை மாற்றினேன். இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை, வாரம் மூன்று நாள் மட்டும். ஒன்பதரைக்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு மறுநாள்தான் பதில் என்று பெற்றோரிடமும் சொல்லிவிட்டேன். அதற்கு முன்பு நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பணி செய்யும்போது மாலை மணி அடிக்க யாரும் இல்லை. நாமேதான் அடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, காணொலியைக் கைவிட்டேன். கையால் எழுதிய ஒரு பக்கத்தின் படம், இரண்டு நிமிடக் குரல் பதிவு, மூன்றே கணக்குகள். டேட்டா குறைவாக உள்ளவர்களும் இதைப் பார்க்க முடிந்தது. இலவசப் பாடநூல்கள் கையில் கிடைத்த பிறகு, பக்க எண்ணைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவதாக, கணக்குகளை அவர்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்தேன். புள்ளியியலில் கூட்டுச் சராசரிக்கு இப்படி ஒரு கணக்குக் கொடுத்தேன்: ஒரு டெய்லர் ஆறு நாட்களில் தைத்த பீஸ்கள் முறையே 480, 520, 0, 500, 0, 540. ஒரு நாளின் சராசரி என்ன?

இரவு ஒன்பது மணிக்கு அந்த மாணவனின் குரல் பதிவு வந்தது. "சார், வேலை இல்லாத நாளையும் சேர்க்கோணுமா?"

மொத்தம் 2040 பீஸ். ஆறு நாட்களுக்கு வகுத்தால் 340. வேலை நடந்த நான்கு நாட்களுக்கு மட்டும் வகுத்தால் 510. இரண்டில் எது சரி என்று குழுவில் கேட்டேன். அன்றுதான் அந்தக் குழுவில் முதன்முறையாக விவாதம் நடந்தது. ஒரு மாணவி, "510ங்கிறது அவர் எவ்வளவு வேகமாத் தைப்பாருன்னு சொல்லுது. 340தான் வீட்டுச் செலவுக்கு சார்" என்றாள். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே எதால் வகுப்பது என்று முடிவாகும். சராசரி பற்றி நான் வகுப்பறையில் இவ்வளவு தெளிவாகக் கற்பித்ததில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் ஒருவன் தன் அப்பாவின் உண்மையான வாரக்கூலியைக் குழுவில் எழுதிவிட்டான். உடனே நீக்கச் சொன்னேன். வீட்டு வருமானம் பொதுக்குழுவுக்கு வரக்கூடாது; கற்பனை எண்களை நாமே கொடுத்துவிட வேண்டும்.

தாமதமாகப் பார்த்தவை

குறிப்பேட்டில் 'அனுப்பியாயிற்று' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'யாரிடமிருந்து பதில் வந்தது' என்று மாற்றினேன். அப்போது செப்டம்பர் ஆகிவிட்டது. பதில் வராதவர்களில் நாளுக்கு ஐந்து பேரை அழைத்தேன்.

ஒரு மாணவன் கைமடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். தலைமையாசிரியரும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரும், நானும் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குச் சென்றோம். "மூணு மாச வாடகை பாக்கிங்க சார்" என்றார் அவன் தந்தை. அறிவுரை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இரவில் செயல்தாள் மட்டும் செய்யட்டும், பள்ளி திறந்ததும் அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். வாரம் ஒருமுறை அழைத்துப் பேசினேன். பிப்ரவரி 8 அன்று அவன் வந்தான்.

இன்னொரு மாணவி வரவில்லை. வேலையில்லாமல் அவர்கள் குடும்பம் வீட்டைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போய்விட்டது. எண் உபயோகத்தில் இல்லை. எமிஸ் எண்ணைக் கொண்டு தேடினோம். வேறு பள்ளியில் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஜூன், ஜூலையில் அந்த எண் வேலை செய்தது. நான்தான் அழைக்கவில்லை. பாடம் அனுப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் இருந்தேன்.

இன்றைக்கு ஏன்?

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்று கற்றல் இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளும் வந்தன. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் தொடர் விடுமுறை வருகிறது. உடல்நலமின்றி வாரக்கணக்கில் வீட்டிலிருக்கும் பிள்ளை இருக்கிறது. தொழில் மந்தமானால் ஊர் மாறும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்போதெல்லாம் பின்வருவன உதவும்:

• கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு மாணவர் வீட்டிலும் கைப்பேசி யாரிடம், எந்த நேரத்தில் இருக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உறவினர் அல்லது பக்கத்து வீட்டார் எண் ஒன்றையும், அவர்கள் சம்மதத்துடன், வாங்கி வையுங்கள்.

• கைப்பேசியே இல்லாத மாணவருக்கு அருகில் வசிக்கும் வகுப்புத் தோழர் ஒருவரை இணையுங்கள்.

• ஒரு முறைக்கு மூன்று கணக்கு அல்லது ஐந்து வினாக்கள் போதும். எப்போதுக்குள் முடிக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

• விடை வந்தால் ஒரு வரியாவது பதில் சொல்லுங்கள். பார்த்ததாகக் காட்டும் நீலக்குறி மாணவருக்குப் பதில் ஆகாது.

• தொடர்ந்து ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அழையுங்கள். எண் கிடைக்கவில்லையென்றால் தலைமையாசிரியரிடம் அன்றே தெரிவித்து நேரில் சென்று பாருங்கள்.

வகுப்பறையில் வருகைப் பதிவேட்டை எடுத்தால் வராதவர் பெயரைத்தான் முதலில் கவனிக்கிறோம். தொலைவிலிருந்து கற்பிக்கும்போது அந்தப் பழக்கம் எனக்கு விட்டுப்போனது. இப்போது இரண்டு நாள் மழை விடுமுறை என்றாலும், முதலில் பாடத்தை எடுப்பதில்லை. பெயர்ப் பட்டியலை எடுக்கிறேன்.