உளவளத்துணைப் பயிற்சியில் கடைப்பிடியும் துணையுறவும்: ஒரு சொல்லாய்வு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உளவளத்துணை கற்கும் மாணவர்க்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' பயிற்சி அளிக்கும் வழக்கம் மேலைநாட்டுக் கல்வி நிறுவனங்களில் பரவியுள்ளது. அப்பயிற்சி, துணை நாடி வருவோர்க்கும் துணை செய்வோர்க்கும் இடையிலான உறவை வளர்க்கும் என்பது பலர் கருத்து. இக்கருத்தின் ஆதாரங்களையும் வரம்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பயிற்சிக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் எது அதன் உட்பொருளை உணர்த்துகிறது என்பதையும் ஆராய்ந்து, தமிழ்ப் பௌத்த மரபின் 'கடைப்பிடி' எனும் சொல் உறவு சார்ந்த பொருளைத் தாங்கவல்லது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கடைப்பிடி, மறவாமை, பொச்சாவாமை, துணையுறவு, உளவளத்துணை, ஒத்துணர்வு.

1. முன்னுரை

ஒரு துறை பிறமொழியிலிருந்து தமிழுக்கு வரும்போது, அதன் கலைச்சொற்கள் பெயர்களாக மட்டும் அமைவதில்லை. கற்பவரின் எதிர்பார்ப்பையும் அவையே வகுக்கின்றன. 'ஆலோசனை' என்று கற்றவர் அறிவுரை கூறவே முற்படுவார். 'உளவளத்துணை' என்று கற்றவர் துணையாக இருத்தலை முதன்மையாகக் கொள்வார். ஈழத்தமிழ் வழக்கில் நிலைபெற்ற இப்பின்னைய சொல்லையே இக்கட்டுரை கையாள்கிறது.

'மைண்ட்ஃபுல்னெஸ்' என்பது தமிழில் மனவிழிப்பு, முழுக்கவனம், நினைவாற்றல் எனப் பலவாறு பெயர்க்கப்படுகிறது. பொதுவழக்கில் அது மன அமைதி என்றே கொள்ளப்படுவதும் உண்டு. அமைதியை இலக்காகக் கொண்டு பயின்ற மாணவர், எதிரில் இருப்பவரின் துயரம் தம்மைக் கலக்கும்போது அக்கலக்கத்தைத் தோல்வியெனக் கருதி அடக்க முற்படக்கூடும். அடக்கும் முயற்சியிலேயே அவர் கவனம் எதிரில் இருப்பவரை விட்டு அகலும். ஆகவே இச்சொல்லாய்வு பயிற்சியின் பயனோடும், துணை நாடி வருவோரின் நலனோடும் தொடர்புடையதாகிறது.

2. துணையுறவு: கருத்தின் வளர்ச்சி

சிக்மண்ட் பிராய்டு 1912ஆம் ஆண்டில் மருத்துவர்க்கு எழுதிய பரிந்துரைகளில், கேட்கும் செய்திகளுள் எதனையும் முன்கூட்டியே தெரிந்தெடுக்காமல் அனைத்தின்மேலும் சமமாகப் படரும் கவனத்தை வலியுறுத்தினார். கார்ல் ராஜர்ஸ் 1957இல் வெளியிட்ட கட்டுரையில், ஆளுமை மாற்றத்திற்குத் தேவையானவையும் போதுமானவையும் என ஆறு நிபந்தனைகளை முன்வைத்தார். மெய்ம்மை, நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு ஆகிய மூன்றே பரவலாக எடுத்தாளப்படுகின்றன. ஆனால் ஆறாவது நிபந்தனை சிறப்பாக நோக்கத்தக்கது: ஏற்பும் ஒத்துணர்வும் துணை நாடுவோரால் சிறிதளவேனும் உணரப்படல் வேண்டும். துணை செய்வோர் தம்முள் உணர்வது மட்டும் போதாது.

எட்வர்ட் போர்டின் 1979இல் இவ்வுறவை இலக்கில் உடன்பாடு, செயலில் உடன்பாடு, பிணைப்பு என மூன்றாகப் பகுத்தார். உறவின் வலிமைக்கும் சிகிச்சையின் விளைவுக்கும் உள்ள தொடர்பை ஹார்வத், சைமண்ட்ஸ் ஆகியோர் 1991இல் 24 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, ஒட்டுறவுக் கெழு 0.26 எனக் கண்டனர். 2018இல் ஃப்ளூக்கிகரும் பிறரும் 295 ஆய்வுகளைத் தொகுத்தபோது அது 0.278 ஆக இருந்தது. இவ்வளவு மிகப் பெரியதன்று. எனினும் ஆய்வுகள் பன்மடங்கு பெருகிய பின்னரும் மாறாது நிற்பதால் உறுதியானது எனலாம். உறவு விளைவோடு தொடர்புடையது எனின், அதனைப் பேணும் திறனை எவ்வாறு கற்பிப்பது என்பதே பயிற்சியாளர் முன் நிற்கும் வினா.

3. ஸதி, கடைப்பிடி, பொச்சாவாமை

ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய மன அழுத்தத் தணிப்புப் பயிற்சி, பௌத்த தியான மரபிலிருந்து சமயச் சடங்குகளை நீக்கி அமைக்கப்பட்டது. அதன் மையச் சொல்லாகிய 'மைண்ட்ஃபுல்னெஸ்', பாலி மொழியின் 'ஸதி' என்பதற்கு ரீஸ் டேவிட்ஸ் 1881இல் வழங்கிய மொழிபெயர்ப்பாகும். 'ஸதி' என்பது வடமொழி 'ஸ்மிருதி'யோடு ஒருவேர்ச் சொல்; நினைத்தல் என்பது அதன் அடிப்பொருள்.

பௌத்தத்தின் எண்வகை நெறியைத் தமிழில் நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என வழங்குவர். இவற்றுள் 'ஸதி'க்கு நேராக நிற்பது நற்கடைப்பிடி. அமைதி என்பது அதனின் வேறாகத் தனியே எண்ணப்பட்டிருத்தல் கருதத்தக்கது. கடைப்பிடித்தல் என்பது இன்று பின்பற்றுதல் என்னும் பொருளில் வழங்கினும், பழைய உரைமரபில் அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி எனும் நாற்குணங்களுள் ஒன்றாகிய கடைப்பிடி, மேற்கொண்ட பொருளை மறவாமை என்றே விளக்கப்பெறும். நினைத்தல் எனும் பாலிச் சொல்லின் அடிப்பொருளும் மறவாமை எனும் தமிழ்ப்பொருளும் இவ்விடத்தில் ஒன்றுகின்றன.

திருக்குறளின் 54ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமை இதற்கு மேலும் ஒரு கோணம் தருகிறது. மறதி பெருமகிழ்ச்சியிலிருந்து பிறந்து, அளவிறந்த சினத்தினும் தீயதாகும் என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்து. பயிற்சி நிலையில் உள்ள மாணவர்க்கு இது பொருந்துகிறது. எதிரில் இருப்பவரை அவர் மறப்பது அச்சத்தால் மட்டுமன்று. தாம் கூறிய விளக்கம் பொருந்திவிட்டது என்னும் மகிழ்ச்சியாலும் மறக்கிறார். அச்சத்தால் வந்த மறதியை அவரே உணர்ந்துகொள்வார்; மகிழ்ச்சியால் வந்த மறதியோ அவர்க்குத் திறமையாகவே தோன்றும்.

மேலும், சதிபட்டான சூத்திரம் உடல், நுகர்ச்சி, சித்தம், தம்மங்கள் ஆகிய நான்கையும் தன்னிடத்தும், பிறரிடத்தும், இரண்டிடத்தும் நோக்குமாறு கூறுகிறது. தற்காலப் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் நோக்கோடு நின்றுவிடுகின்றன. உளவளத்துணைக்கு வேண்டுவது மூன்றாவது நோக்காகும்.

4. மாணவரிடை நிகழ்ந்த ஆய்வுகள்

இத்துறை ஆய்வுகள் மூன்றை இங்கு நோக்கலாம். அமெரிக்காவில் ஷபிரோ, பிரவுன், பீகல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, உளவளத்துணை சார்ந்த உளவியல் மாணவர் கபாட்-சின் முறையில் பயின்றபின் அவர்தம் மன அழுத்தமும் பதற்றமும் குறைந்து, தம்மீது கொள்ளும் பரிவு மிகுந்ததைக் காட்டியது. கிரீசன், கேஷ்வெல் ஆகியோர் 2009இல் 179 மாணவரிடம் நடத்திய ஆய்வில், கடைப்பிடி மிகுந்தோர் தம் துணைசெய் திறனில் மிகுந்த நம்பிக்கை கொண்டிருந்தனர். இத்தொடர்பை இடைநின்று விளக்கியது கவனமே. ஒத்துணர்வு அவ்வாறு விளக்கவில்லை.

இவ்விரு ஆய்வுகளும் மாணவரின் தன்மதிப்பீட்டையே சார்ந்தவை. ஜெர்மனியில் கிரெப்மயரும் பிறரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இக்குறையைக் கடந்தது. பயிற்சி நிலைச் சிகிச்சையாளர் 18 பேர் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் ஜென் தியானம் பயின்றனர். உள்நோயாளிகள் 124 பேரின் முன்னேற்றம் அளக்கப்பட்டது. தியானம் பயின்றவரிடம் சிகிச்சை பெற்றோர்க்கு நோய்க்குறிகள் மிகுதியாகக் குறைந்தன. எனினும் சிகிச்சை அமர்வுகளைப் பற்றிய மதிப்பீட்டில் மேம்பட்டவையாகக் காணப்பட்ட கூறுகள், சிக்கலைத் தெளிவுபடுத்தலும் அதனைத் தீர்த்தலுமே ஆகும். அவை உறவைக் குறித்தவை அல்ல.

இவற்றை இணைத்து நோக்கின் ஒரு முடிவு புலனாகும். பயிற்சி மாணவரின் கவனத்தையும் நலத்தையும் வளர்க்கிறது, விளைவையும் மேம்படுத்தக்கூடும். ஆனால் அது தானாகவே உறவாக மாறுகிறது என்பதற்கு இவ்வாய்வுகள் போதிய சான்றாகா.

5. கவனம் உறவாகும் இடம்

கவனம் உறவாவதற்கு இடையில் ஒரு படி தேவைப்படுகிறது. அமர்வொன்றில் துணை நாடுபவர் பேசிக்கொண்டிருக்க, மாணவரின் மனம் அடுத்து என்ன வினவுவது எனத் திட்டமிடச் சென்றுவிடுகிறது எனக் கொள்வோம். மனம் அகன்றதை அறிதல் முதற்படி; மீளுதல் இரண்டாம் படி. தியானத்தில் மூச்சிடம் மீள்வது போதும். அமர்விலோ மனிதரிடம் மீளவேண்டும். மூச்சுக்கு முகமில்லை, மனிதர்க்கு முகம் உண்டு. மாணவர் அகன்றிருந்ததை அம்முகம் கண்டிருக்கவும் கூடும். ஆகவே, 'நீங்கள் இப்போது கூறியதைச் சரியாகக் கேட்கத் தவறிவிட்டேன், மீண்டும் கூறுவீர்களா?' என்று சொல்லும் துணிவு மூன்றாம் படியாகிறது. ராஜர்ஸ் கூறிய மெய்ம்மை இப்படியில் செயற்படுகிறது. அவர்தம் ஆறாவது நிபந்தனை நிறைவேறவும் இதுவே வழியாகிறது.

இதனைக் கற்பிக்கத் தனித்து அமரும் தியானத்தோடு இணைப்பயிற்சியும் வேண்டும். மாணவர் இருவருள் ஒருவர் சில மணித்துளிகள் பேச, மற்றவர் மறுமொழி கூறாது கேட்கலாம். பின்னர்க் கேட்டவர் தம் கவனம் எங்கெங்கே அகன்றது எனவும், பேசியவர் தாம் எவ்விடத்தில் கேட்கப்படவில்லை என உணர்ந்தார் எனவும் தனித்தனியே குறிக்கலாம். இரு குறிப்புகளும் வேறுபடும் இடமே மேற்பார்வையாளர் எடுத்தாள வேண்டிய பாடமாகும்.

6. வரம்புகள்

கடைப்பிடிப் பயிற்சி மேற்பார்வைக்கோ கோட்பாட்டுக் கல்விக்கோ மாற்றாகாது. தாமே பெருந்துயர் உற்ற மாணவர்க்கு உள்நோக்கிய பயிற்சி பழைய வேதனைகளைக் கிளறக்கூடும் என்பதால், விலகிநிற்கும் உரிமை அவர்க்கு வேண்டும். மதிப்பெண்ணுக்காகத் தியானத்தைக் கட்டாயமாக்குதல் நிபந்தனையற்ற ஏற்பைக் கற்பிக்கும் துறைக்கே முரணாகும். இப்பயிற்சியின் பௌத்த வேரை மறைத்தலும் நேர்மையன்று. அதனைக் கூறி, பிற சமயத்தாரும் சமயம் சாராதாரும் தத்தம் நிலையில் நின்று பயில இடமளித்தலே முறையாகும்.

7. முடிவுரை

இவ்வாய்வின்வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, மன அமைதி என்னும் பெயர்ப்பு உளவளத்துணைப் பயிற்சிக்குப் பொருந்தாது. முழுக்கவனம் என்பது பொருளின் ஒரு பகுதியையே உணர்த்தும். மேற்கொண்டதை மறவாமை எனும் பொருள்தரும் கடைப்பிடி, கவனத்தோடு பொறுப்பையும் உணர்த்துகிறது.

இரண்டாவதாக, பயிற்சியின் விளைவை மாணவரின் தன்மதிப்பீட்டால் மட்டும் அளத்தல் போதாது. ஹார்வத், கிரீன்பெர்க் ஆகியோர் 1989இல் வெளியிட்ட உறவு அளவுகோல் துணை நாடுவோர்க்கும் தனி வினாநிரலைக் கொண்டது. அத்தகைய கருவிகளைத் தமிழில் தரப்படுத்திப் பயன்படுத்துதல் வேண்டும்.

மூன்றாவதாக, தன்னை நோக்கும் பயிற்சி பிறரையும் உடன்நோக்கும் பயிற்சியாக விரிதல் வேண்டும். கவனம் ஒருபோதும் சிதறாத துணையாளர் எவருமிலர். சிதறியதை அறிந்து, எதிரில் இருப்பவரிடம் மீண்டு, அம்மீட்சியை அவர் உணருமாறு செய்தலே கற்பிக்கத்தக்க திறனாகும்.