காது கேளாத கடைக்காரரும் அவர் மகனும்

நம் கடைத்தெருவில் பெட்டியடியில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலரை வாசகர்கள் கவனித்திருக்கலாம். வாடிக்கைக்காரர் ஒன்று கேட்பார். முதலாளி புன்னகையோடு தலையசைப்பார். கடைப்பையன் ஓடிவந்து மறுபடி கேட்டுச் சாமானை எடுத்துக் கொடுப்பான். முதலாளிக்குக் காது மந்தம் என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். அவர் ஒருவர்தாம் ஒப்புக்கொள்ள மாட்டார். கண்ணுக்குக் கண்ணாடி போடக் கூசாத நாம் காதுக்குக் கருவி வைக்க மட்டும் கூசுவது விந்தையே.

ஆஸ்திரேலியாவில், சிட்னி நகருக்கு அருகே கேம்டன் என்னும் ஊரில், இத்தகைய கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடையது மருந்துக்கடை. வருகிறவர்கள் தம் அந்தரங்கமான உபாதைக்கு மருந்து கேட்கும்போதும், கடையிலுள்ள அனைவர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கூடமாட உதவிய மகனுக்கு அது பெருஞ் சங்கடமாயிற்று. 1935-இல் பிறந்த அம்மகனே பேராசிரியர் கிரேம் கிளார்க். சின்னஞ்சிறு வயதிலேயே, பெரியவனானால் காதுகளைச் செப்பனிடுவேன் என்று சொன்னவராம்.

அவர் காது வைத்தியரானார். ஆயின் அக்காலத்தில் முற்றிலும் செவிடானவர்களுக்குச் செய்யக்கூடியது ஏதுமில்லை. நம் உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருந்து, ஒலியின் அதிர்வை நரம்புக்குரிய மின் குறிப்பாக மாற்றுகின்றன. அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பயனில்லை. அப்படியானால் அணுக்களை விட்டுவிட்டு, நரம்பையே மின்சாரத்தால் தூண்டினால் என்ன? இந்த எண்ணத்தால், நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். 1970-இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பணம் வேண்டுமே! அறிஞர் பலர் இது நடவாத காரியம் என்றனர். கோமாளி என்று பேசியவர்களும் உண்டு. தெருமுனையில் உண்டியல் குலுக்கியும், தொலைக்காட்சி மூலம் நன்கொடை திரட்டியும் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பேராசிரியர் உண்டியலோடு தெருவில் நிற்பதென்றால் சாமானியமா?

இன்னொரு முட்டுக்கட்டை, மின்கம்பிகளைச் சுருண்ட பாதைக்குள் போதிய தூரம் செலுத்துவது. 1977-இல் கடற்கரையில் ஓய்வாக இருந்தபோது, ஒரு சங்கின் சுருளுக்குள் புல்லிதழைச் செலுத்திப் பார்த்தார். நுனி மெலிந்து வளைந்தும், அடி சற்று விறைத்தும் இருந்த புல் சுருளோடு வளைந்து உள்ளே போயிற்று. கம்பிகளையும் அவ்வாறே அமைத்தார்.

1978 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, விபத்தில் செவியிழந்த ஒருவருக்கு மெல்பர்னில் அறுவை செய்து கருவியைப் பொருத்தினர். முதற் சோதனையில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு பார்த்தால், பழுது வெளிக்கருவியின் இணைப்பில்! அதைச் சரிசெய்து நாட்டு கீதத்தை ஒலித்ததும், அம்மனிதர் தாமாகவே எழுந்து விறைப்பாக நின்றார்.

ஆனால் அங்கே கேட்டது இசையின் நடை, பேச்சு அன்று. பேச்சில் எந்தப் பகுதியை எந்தக் கம்பிக்கு அனுப்புவது என்று கண்டுபிடிக்க மேலும் மாதங்கள் உழைத்தனர். இன்றைக்கும் கருவியை முடுக்கிய முதல் நாளில் பலருக்குக் கேட்பது ஏதோ இயந்திரக் கீச்சொலியே. பல வாரம், பல மாதம் பயிற்சி செய்த பிறகுதான் மூளை அதனைச் சொல்லாகப் பிடிக்கிறது. பிறவிச் செவிடான குழந்தைக்கோ காலதாமதம் ஆகாது. மூளை மொழியைக் கற்கும் இளம் பருவத்திலேயே பொருத்த வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இச்சிகிச்சை செய்கிறார்கள்.

நம் பெட்டியடிப் பெரியவர்களில் பெரும்பாலோர்க்கு அறுவை வேண்டியதில்லை. சாதாரணச் செவிக்கருவியே போதும். முதுமையில் முதலில் மங்குவது கீச்சொலிகளைக் கேட்கும் சக்தி. உயிரொலி நன்றாக விழும்; மெய்யொலி ஒன்றோடொன்று மயங்கும். பத்து என்றது பட்டு என்று விழலாம். துணிக்கடைக்காரருக்கு இதைவிட வேறு வம்பு வேண்டுமா? கத்தினால் உயிரொலிதான் பெருக்கும். எதிரே, வெளிச்சத்தில் நின்று, வாய் தெரியும்படி நிதானமாகப் பேசுவதே உதவி.

நாமறிந்த ஒரு கடை முதலாளி கருவி வாங்கி, மூன்று நாள் மாட்டி, "ஒரே இரைச்சல்" என்று கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிட்டார். கேம்டன் கடைக்காரர் மகனின் கதையை அவருக்குச் சொன்னோம். கருவியை எடுத்துப்போய்த் திருத்தியமைத்துக்கொண்டு, முதலில் வீட்டில் தினம் ஒரு மணி நேரம், பிறகு கடையில் என்று பழகினார். பழக்கத்துக்கு வர இரண்டு மாதமாயிற்று. மின்விசிறி இரையும் மூலையிலிருந்து மேசையையும் நகர்த்திப் போட்டிருக்கிறார்.