கிளை திறக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும், கூடவே நீ அனுப்பிய பில்லிங் மென்பொருள் விலைப்பட்டியலும் வந்து சேர்ந்தன. திருச்சி தில்லைநகர்க் கடை நன்றாக ஓடுகிறது, தஞ்சாவூரில் கிளை போடலாம், ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டிலும் சேரலாம், டேபிளுக்கு ஒரு டேப்லெட் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அப்பா விட்டுப்போன கடையை நீ இந்த அளவுக்குக் கொண்டுவந்ததில் எனக்குப் பெருமைதான். வாழ்நாளெல்லாம் ஓட்டல் கணக்குப் புத்தகங்களோடு கிடந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நீ வாங்கும் எந்தக் கருவியும் முதலில் அடுக்களைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் போகட்டும். கூட்டத்தை இழுக்கும் வேலையை அதற்குப் பிறகு கொடு.

புதுக் கருவி நம் தொழிலுக்கு அந்நியமில்லை. 1950களில் கோயம்புத்தூரில் உருவான வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லை ஓரங்கட்டியது. அது வந்திராவிட்டால் இன்று ஒரு டிபன் கடை ஒரு காலையில் தள்ளும் இட்லியை நினைத்துப் பார்க்கவே முடியாது. உன் மென்பொருளையும் அந்தக் கண்ணோடு பார். பில் அச்சடிப்பது அதன் சின்ன வேலை. எந்த ஐட்டம் எத்தனை போனது, எந்த மணிக்குப் போனது, அதற்கு ஸ்டோரிலிருந்து என்ன இறங்கியது என்று ஒப்பிட்டுக் காட்டுவதுதான் நீ கொடுக்கும் காசுக்கு நியாயம்.

மசால் தோசையையே எடுத்துக்கொள். தோசைக்கு 80 கிராம் மசால் என்று நீ அளவு வைத்திருக்கிறாய். 150 தோசை விற்றால் 12 கிலோ மசால் போக வேண்டும். அன்றைக்குக் கிண்டியது 16 கிலோ, ராத்திரி பாத்திரம் காலி என்றால் அந்த 4 கிலோ எங்கே? பூரிக்குப் போயிருக்கலாம். சாயங்கால ஷிப்டில் கரண்டி கொஞ்சம் தாராளமாக விழுந்திருக்கலாம். மதியமே புளித்து, சொல்லாமல் கொட்டியிருக்கலாம். காரணம் எதுவானாலும் அன்றைக்கே தெரிந்தால் மறுநாள் சரிசெய்துவிடலாம். மாதக் கடைசியில் தெரிந்தால் திட்டத்தான் முடியும், காசு திரும்பாது. வியாபாரம் இல்லாமல் மூடிய கடைகளைவிட, கூட்டம் நிரம்பி வழிந்தும் இந்த ஓட்டையில் போன கடைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கணினி இல்லாமலே இதைச் செய்தவர்கள் உண்டு. 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஊரில் மெக்டொனால்டு சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையையே கொஞ்ச நாள் மூடினார்கள். பில்களைப் புரட்டியதில் வரவில் பெரும்பகுதி ஹாம்பர்கரிலிருந்து வருவது தெரிந்தது. மெனுவை ஒன்பது ஐட்டமாகச் சுருக்கினார்கள். சில ஆண்டுகள் கழித்துப் புதுக் கட்டடம் போடும்போது டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் அடுக்களையை வரைந்து, ஆட்களை அதற்குள் நடக்கவிட்டு, யாரும் யாரையும் முட்டாத இடம் கிடைக்கும்வரை அழித்து அழித்து வரைந்தார்கள். உலகமெல்லாம் கிளை போனது பிற்பாடு. உன் மெனு கார்டில் எண்பதுக்கு மேல் ஐட்டம் இருக்கிறது. மூன்று மாத விற்பனை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு பார். பாதிக்குமேல் நீக்கலாம் என்று நீயே சொல்வாய்.

இப்போது டெலிவரி ஆப். 22 விழுக்காடு கமிஷன் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். 100 ரூபாய் ரோஸ்டுக்கு 22 ரூபாய், அந்தக் கமிஷன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஏறக்குறைய 4 ரூபாய். நம்மைப்போல 5 விழுக்காட்டில் இருக்கும் ஓட்டல்களுக்கு 2017 நவம்பரிலிருந்து உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. அந்த 4 ரூபாய் உன் கைக்காசு. டப்பா, கவர், சட்னி பாக்கெட்டுக்கு ஒரு 7 ரூபாய் வை. கையில் நிற்பது 67. மளிகை, காய்கறி, கேஸ், சம்பளம், வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இதில் தள்ளுபடி விளம்பரம் வேறு போடச் சொல்வார்கள். (ஆப் வழியாகப் போகும் சாப்பாட்டுக்கான 5 விழுக்காட்டு வரியை 2022 ஜனவரியிலிருந்து அவர்களே கட்டிவிடுகிறார்கள். அந்த விற்பனையைத் தனியாகக் காட்டச் சொல்லி ஆடிட்டரிடம் பேசிவிடு.)

அதற்காக ஆப்பே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை உன் அடுப்பு சும்மா எரிகிறது, மாஸ்டர் சும்மா நிற்கிறார். அந்த நேரத்துக்கு வாடகையும் சம்பளமும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அப்போது வரும் ஆர்டரில் 67 ரூபாய் கிடைத்தாலும் லாபம்தான். காலை எட்டு மணிக் கூட்டத்தில் டேபிளில் உட்கார்ந்திருப்பவரைக் காக்கவைத்து அதே ஆர்டரை எடுத்தால் அது நஷ்டம். நெரிசல் நேரத்தில் ஆப்பை அணைத்துவைக்கத் தயங்காதே. ரோஸ்டை அதில் போடவே போடாதே. கவருக்குள் ஆவி அடைபட்டால் பத்து நிமிஷத்தில் முறுமுறுப்பு போய், சவசவவென்று தொங்கும். வாங்கியவர் அதற்குக் கொடுக்கும் ஒற்றை நட்சத்திரத்தில் உன் கடை பேர்தான் நிற்கும். இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், இடியாப்பம் பயணம் தாங்கும். ஆப்புக்கென்று இப்படித் தனியாக ஒரு சின்ன மெனு வை.

இன்னொன்றும் உண்டு. ஆப்பில் வாங்குபவர் யார், எங்கே இருக்கிறார் என்ற விவரம் பெரும்பாலும் உனக்கு வராது, ஆப் நிறுவனத்திடமே தங்கிவிடும். தேசிய உணவகச் சங்கம் போட்ட புகாரில் இதுவும் ஒன்று. அந்தப் புகாரை வைத்துத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டின்மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதனால் நேரில் வருகிறவர்களிடம் அவர்கள் சம்மதத்தோடு எண்ணை வாங்கி வை. வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் உண்டு என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். தினமும் அனுப்பித் தொல்லை கொடுக்காதே.

கல்லாவில் க்யூஆர் ஒட்டியிருக்கிறாய், நல்லது. தினமும் காலையில் அதை உன் போனிலேயே ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார். மேலே வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிக் காசை மாற்றிவிடும் மோசடி பல ஊர்களில் நடந்திருக்கிறது. ராத்திரி வங்கி வரவும் க்யூஆர் பில் தொகையும் ஒத்துப்போகாமல் கடையைச் சாத்தாதே.

டேப்லெட் வேண்டாம், மாப்பிள்ளை. நம் கடைக்கு வரும் பெரியவர்களுக்குச் சப்ளையர் வந்து என்னென்ன சூடாக இருக்கிறது என்று சொன்னால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அந்தப் பணத்தில் எண்ணெய் சோதிக்கும் மீட்டர் ஒன்று வாங்கு. பொரித்த எண்ணெயில் போலார் காம்பவுண்ட் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்த விதி 2018இலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. வடையும் பூரியும் நம் கடையில் குழந்தைகள் சாப்பிடுவது. கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பாதே.

தஞ்சாவூர் விஷயத்துக்கு வருகிறேன். இன்று உன் சாம்பார் ருசி சரக்கு மாஸ்டரின் கையில் இருக்கிறது. அவர் இங்கே இருந்தால் அங்கே இருக்கமாட்டார். அவரோடு உட்கார்ந்து, அவர் கை அள்ளுவதைத் தராசில் வைத்து, கிராம் கணக்கில் எழுது. எழுதி முடித்ததும் அவரைக் கழற்றிவிடும் எண்ணம் மட்டும் வரவே கூடாது. சம்பளத்தைக் கூட்டி, இரண்டு கிளைக்கும் அவரையே பெரிய மாஸ்டர் ஆக்கு. பொடியும் மசாலாவும் திருச்சியில் ஒரே இடத்தில் தயாராகட்டும். மாவை அரைத்ததும் குளிர்வித்து வண்டியில் அனுப்பு; சூட்டில் போனால் வழியிலேயே பொங்கிப் புளித்துவிடும். சட்னி மட்டும் அங்கேயே அரைக்கட்டும்.

கிளை போடும் முன் கடைப் பெயரை டிரேட்மார்க்கில், உணவகங்களுக்கான 43ஆம் வகுப்பில் இப்போதே பதிவு செய். 1957இல் திண்டுக்கல்லில் தொடங்கிய தலப்பாக்கட்டிப் பிரியாணிக் கடைக்காரர்கள் தங்கள் பெயருக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. உனக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

தஞ்சாவூர்க் கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதே. மூன்று மாதம் ஸ்டோர்க் கணக்கும் விற்பனைக் கணக்கும் ஒத்து வரட்டும். மாஸ்டர் ஒரு வாரம் ஊருக்குப் போயிருக்கும்போது அவர் எழுத்தை வைத்து இன்னொருவர் போடும் சாம்பாரை, தினமும் வரும் வாடிக்கையாளர்கள் குறை சொல்லாமல் சாப்பிடட்டும். அந்த இரண்டும் நடந்தபிறகு கணக்குப் புத்தகத்தோடு ஒருமுறை கோயம்புத்தூர் வந்து போ. அட்வான்ஸில் பாதியை நான் தருகிறேன்.

அன்புடன்,
மாமா